டர்போ கூப்பேயும் ரயர் ஓரத்து நான்கு இலக்கமும்: திருகோணமலையில் ஓர் ஓட்டோகுரொஸ் மதிப்பீடு

பின்னணி

இலங்கையில் கார்ப் போட்டி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவன தியத்தலாவையில் நடக்கும் ஃபொக்ஸ்ஹில்லும் அநுராதபுரம் சாலியபுரவில் நடக்கும் கஜபாவும்தான். அவை சரளைத் தடத்தில், ஒரே கோட்டிலிருந்து பல வாகனங்கள் சேர்ந்து புறப்படும் போட்டிகள். ஓட்டோகுரொஸ் என்ற சொல்லைப் பிரித்தானியர் புற்றரையிலும் மண்தரையிலும் ஓடும் போட்டிக்குப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க வழக்கில் அது தார்த் தளத்திலோ கொங்கிறீட் தளத்திலோ கோன்களை அடுக்கி, ஒரு தடவைக்கு ஒரு கார் மட்டும் ஓட, எடுத்த நேரத்தை வைத்து இடம் தீர்மானிக்கும் போட்டியாகும். இங்கே பதிவாவது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

2025ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, திருகோணமலையிலும் கிண்ணியாவிலும் வசிக்கும் ஒன்பது பேர் தங்கள் சொந்தக் கார்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பயிற்சி செய்தார்கள். நான் ஓட்டியவன் அல்லன். நேரம் எடுத்து, குறிப்புப் புத்தகம் எழுதி வைத்தவன். அந்த ஒன்பது கார்களில் எல்லோருடைய கண்ணும் போனது ஒரு நிசான் சில்வியா எஸ்15, ஸ்பெக்-ஆர் கூப்பேயின் மேல்தான். 1999 முதல் 2002 வரை விற்பனையான அந்த மாதிரியில் 1998 கன சென்ரிமீற்றர் எஸ்ஆர்20டிஈடி டர்போ எஞ்சின் (வெளியேறும் புகையால் சுழன்று காற்றை அமுக்கித் திணிக்கும் விசிறியுள்ளது), ஆறு கியர், பின்சில்லு இயக்கம் ஆகியவை உண்டு. தொழிற்சாலைக் கணக்கில் அதன் வலு நிமிடத்துக்கு 6400 சுழற்சியில் 250 பிஎஸ் (குதிரைவலு), முறுக்குவிசை 4800 சுழற்சியில் 275 நியூற்றன் மீற்றர், நிறை 1240 கிலோ.

உரிமையாளர் முப்பது வயதைத் தாண்டிய, நகரில் சொந்தத் தொழில் செய்யும் ஒருவர். அவர் ஒரு கேள்வியோடு வந்தார். இன்னும் பெரிய டர்போவும் அதற்கேற்ற, எரிபொருளை விசிறும் இன்ஜெக்டர்களும் வாங்குவதற்குக் கொழும்பில் விலை கேட்டு வைத்திருந்த அவர், அந்தப் பணத்தைச் செலவழிக்கலாமா என்பதை இந்தப் பயிற்சிகளின் முடிவை வைத்துத் தீர்மானிக்க விரும்பினார். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இத்தகைய காரொன்றின் கியர்பொக்ஸையோ டர்போவையோ உடைத்துக்கொண்டவர்கள் பட்ட பாட்டை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். எனவே அது இலேசான கேள்வி அல்ல.

இடமும் விதிகளும்

சீனன்குடாப் பக்கம், முன்பு மரம் அடுக்கி வைக்கப்பட்ட ஒரு தனியார் கொங்கிறீட் முற்றத்தை அதன் உரிமையாளர் எழுத்துமூலம் அனுமதித்துத் தந்தார். நீளம் ஏறத்தாழ 150 மீற்றர், அகலம் 60 மீற்றர். அதற்குள் 450 மீற்றர் நீளமான ஒரு தடத்தை அமைத்தோம்: 18 மீற்றர் இடைவெளியில் ஐந்து கோன்களைச் சுற்றி நெளிந்து போகும் பகுதி, ஒரு விரிந்த இடப்பக்க வளைவு, தொங்கலில் ஒரு முழுக் கொண்டையூசி வளைவு, அதன்பின் 70 மீற்றர் நேர்ப்பாதை, கடைசியாக மூன்று கோன் வாசல்கள். தட்டுப்பட்ட கோன் ஒவ்வொன்றுக்கும் அமெரிக்காவில் கார்ப் போட்டி நடத்தும் எஸ்சிசிஏ அமைப்பின் வழக்கப்படி 2 செக்கன் கூட்டினோம். வாசலைத் தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் இல்லை.

பார்வையாளர் விடயத்தில் நாங்கள் கடுமையாக இருந்தோம். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் உயிரிழந்தார்கள்; அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். அந்த நாளுக்குப் பின் இந்த நாட்டில் யார் எந்த அளவில் கார்ப் போட்டி வைத்தாலும் முதலில் சிந்திக்க வேண்டியது, கார் வழுகினால் எங்கே போகும், அந்த இடத்தில் யார் நிற்பார் என்பதைத்தான். ஆகவே வளைவுகளின் வெளிப்பக்கம் எவரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் முற்றத்துக்குள் வரக் கூடாது, கோன் நிமிர்த்துபவர்கள் கார் நின்ற பின்னரே உள்ளே போக வேண்டும், ஓட்டுபவர் தலைக்கவசம் அணிய வேண்டும், தீயணைப்பான் புறப்படும் கோட்டில் இருக்க வேண்டும் என்று எழுதி ஒட்டினோம்.

ஒப்பிடுவதற்குக் கிண்ணியாவிலிருந்து வந்த நண்பரின் சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட் கிடைத்தது. அது டர்போ இல்லாத 1.6 லீற்றர் எஞ்சின், முன்சில்லு இயக்கம், 125 பிஎஸ், ஏறத்தாழ 1060 கிலோ கொண்டது. நிறையோடு வலுவைப் பார்த்தால் கூப்பேக்குத் தொன்னுக்கு 200 பிஎஸ், சுவிஃப்டுக்கு 118. தாளில் இது போட்டியே அல்ல.

முதல் நாளும் முதற்பிழையும்

ஜூன் இரண்டாம் ஞாயிறு நடந்த முதற் பயிற்சியில் சுவிஃப்டின் சிறந்த நேரம் 38.6 செக்கன், கூப்பேயின் சிறந்த நேரம் 40.1 செக்கன். ஒன்றரைச் செக்கன் வித்தியாசம் என்பது 40 செக்கன் ஓட்டத்தில் மிகப் பெரியது. உரிமையாளர் தலைக்கவசத்தைக் கழற்றியதும் என்னிடம் வந்து, "அண்ணை, காரில பவர் காணாது, பெரிய டர்போ போட்டாத்தான் சரிவரும்" என்றார். அந்த வாக்கியத்தை நான் அப்படியே குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

கண்ணால் பார்த்தவற்றையும் எழுதினேன். கொண்டையூசி வளைவிலிருந்து சுவிஃப்ட் உடனே இழுத்துக்கொண்டு வெளியேறியது. கூப்பேயோ வளைவின் நடுவில் ஒரு கணம் தயங்கி நின்றாற்போலத் தோன்றி, பின் திடீரென உந்தி, பின்சில்லுகளில் புகை கிளப்பி, பின்பக்கம் ஒரு பக்கமாக இழுபட, ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிப்பதற்குள் நேர்ப்பாதையின் கால்வாசி முடிந்துவிட்டிருந்தது. நெளிந்து போகும் பகுதியிலும் அதே கதைதான். அக்ஸிலரேற்றரை அவர் அழுத்தியபோது வராத உந்தல், அவர் காலை எடுக்க வேண்டிய கோனில் வந்து சேர்ந்தது.

அந்த நாளின் ஒப்பீட்டில் ஒரு பெரிய பிழை இருந்தது. அதை நாங்கள் ஒரு மாதம் கழித்துத்தான் உணர்ந்தோம். சுவிஃப்ட் காலை ஏழரை மணிக்கு ஓடியது. கூப்பே பத்தரைக்குப் பின் ஓடியது. திருகோணமலையில் ஜூன், ஜூலை மாதங்களில் கச்சான் காற்று எழும்பத் தொடங்கினால் அயல் வெறுங்காணியின் மணலும் புழுதியும் முற்றத்தின் மேல் படிந்துவிடும். தும்புத்தடியால் கூட்டினாலும் அரை மணித்தியாலத்தில் திரும்பவும் பாதத்தின் கீழ் நறநறக்கும். வெப்பமும் அந்நேரம் 33 பாகையைத் தாண்டியிருந்தது. இரண்டு காரும் ஒரே முற்றத்தில் ஓடின என்று நினைத்தோமே தவிர, ஒரே தரையில் ஓடவில்லை.

பூஸ்டை உயர்த்திய முடிவு

ஜூன் மாத இறுதிப் பயிற்சிக்கு முன் உரிமையாளர் கராஜில் பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றின் கூடுதல் அமுக்கம், அதன் கட்டுப்படுத்தியைத் திருப்பி, கேஜில் 0.7 பார் காட்டியதை 0.9 பாராக்கிக்கொண்டு வந்தார். பெரிய டர்போ வாங்குமுன் கையிலிருப்பதைக் கூட்டிப் பார்ப்பது நியாயமென்று அவர் நினைத்தார். நானும் மறுக்கவில்லை. அது நான் மறுத்திருக்க வேண்டிய இடம்.

அன்று ஆறு ஓட்டங்களில் மூன்றில் கோன் விழுந்தது. கோன் விழாத ஓட்டங்களில் சிறந்தது 40.4 செக்கன். அதாவது வலு கூடிய கார் முன்னையதை விட 0.3 செக்கன் மெதுவாக ஓடியது. நான்காவது ஓட்டத்தின் நேர்ப்பாதையில், தகர ரின்னுக்குள் சிறு கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற ஓசை கேட்டது. புறப்படும் கோட்டில் நின்ற கராஜ் பாஸ் (மெக்கானிக்) கையை உயர்த்தி ஓட்டத்தை நிறுத்தி, எஞ்சின் நொக் அடிக்கிறது (எரிபொருள் தானாகவே வெடிக்கிறது), இனி இந்த பூஸ்டில் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவருடைய அந்தத் தீர்ப்பு ஒரு பிஸ்டனைக் காப்பாற்றியிருக்கலாம் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

காரணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். காற்றை அமுக்கினால் அது சூடாகும். வெளிக்காற்று 34 பாகையில் இருக்கும்போது 0.7 பார் பூஸ்டுக்கு அமுக்கி, டர்போவின் வினைத்திறனை 70 வீதமென்று கொண்டால், எஞ்சினுக்குப் போகுமுன் காற்றைக் குளிராக்கும் இன்டர்கூலருக்குள் நுழையும் காற்று ஏறத்தாழ 105 பாகையில் இருக்கும். 0.9 பாருக்கு அது 120ஐத் தாண்டும். இன்டர்கூலர் அதைக் குளிராக்க வேண்டுமானால் அதன் மேல் காற்றுப் பட வேண்டும்; மணிக்கு 40 கிலோமீற்றர் சராசரி வேகத்தில் ஓடி, அடுத்த முறைக்காக வெயிலில் பத்து நிமிடம் நிற்கும் காரில் அது எப்படி நடக்கும்? அதற்கு மேல், ஜப்பானில் பெரும்பாலும் 100 ஒக்டேனாக விற்கப்படும் உயர்ரகப் பெற்றோலுக்கென அமைந்த எஞ்சின் இது. நாங்கள் ஊற்றியது நொக்கை அவ்வளவு தாங்காத ஒக்டேன் 95. சூடான காற்றும் குறைந்த ஒக்டேனும் சேர்ந்தால் நொக் வரும். நொக் உணரி அதைக் கண்டதும் எஞ்சின் கணினி தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும். அப்போது கூட்டிய பூஸ்டின் பயனில் பெரும்பகுதி அங்கேயே தொலைந்துவிடுகிறது. எஞ்சியது பின்சில்லைச் சுழற்றி ரயரைத் தேய்க்க மட்டும் உதவியது.

அன்று மாலையே பூஸ்டை 0.7க்குத் திருப்பினார்கள். அதன்பின் ஆகஸ்ட் முடியும்வரை எஞ்சினில் எவரும் கை வைக்கக் கூடாது என்பதும், ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்யக் கூடாது என்பதும் தீர்மானமாயின.

அளவெடுக்கும் முறையை மாற்றியது

ஜூலை முதற் பயிற்சிக்கு முன் நான் இரண்டு விடயங்களை மாற்றினேன். முதலாவது நேரம். அதுவரை இருவர் தொலைபேசியின் நிறுத்தக் கடிகாரத்தை அழுத்தி, சராசரி எடுத்தோம்; இருவரின் எண்களுக்கிடையே 0.2 செக்கன் வித்தியாசம் வருவது வழமையாக இருந்தது. புறப்படும் கோடும் முடிவுக் கோடும் அருகருகே இருந்ததால், முக்காலியில் ஒரே தொலைபேசியை நிறுத்தி இரண்டு கோடுகளையும் ஒரே காணொளியில் பிடித்தோம். செக்கனுக்கு 60 சட்டகங்கள் என்பதால், முன்சில்லு கோட்டைத் தொடும் சட்டகத்தை எண்ணினால் பிழை 0.02 செக்கனுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு சதமும் செலவில்லை. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

இரண்டாவது ஒழுங்கு. சுவிஃப்ட், கூப்பே, கூப்பே, சுவிஃப்ட் என்று மாறிமாறி ஓடச் செய்தோம். அப்படிச் செய்தால் மணலோ வெயிலோ இரண்டு காருக்கும் ஒரே அளவில் பங்காகும். ஓட்டுபவர்களையும் மாற்றினோம். கிண்ணியா நண்பர் முதலில் தயங்கினார். பிறருடைய காரைக் கோனில் இடித்துவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கம் அது. "நானா, கோன் ரப்பர்தானே, நீங்க பயப்படாம ஓடுங்கோ" என்று உரிமையாளர் சாவியைக் கையில் கொடுத்த பிறகுதான் ஏறினார்.

காலை எட்டு மணிக்கு முன் கிடைத்த சிறந்த நேரங்கள் இவை. கிண்ணியா நண்பர் சுவிஃப்டில் 38.5, கூப்பேயில் 39.4. கூப்பே உரிமையாளர் சுவிஃப்டில் 39.0, கூப்பேயில் 39.8. பத்தரை மணிக்கு, கச்சான் எழும்பிய பின், கிண்ணியா நண்பர் தன் சுவிஃப்டிலேயே மீண்டும் ஓடியபோது 39.0. இந்த ஐந்து எண்களும் ஜூன் மாதத்து எல்லா வாதங்களையும் விட அதிகம் சொல்லின. ஓட்டுபவர் வித்தியாசம் அரைச் செக்கனுக்கு அருகில். காலைக்கும் நடுப்பகலுக்கும் வித்தியாசம் அரைச் செக்கன். காருக்கும் காருக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் 0.8 முதல் 0.9 வரை. முதல் நாள் நாங்கள் கண்ட ஒன்றரைச் செக்கனில் கிட்டத்தட்டப் பாதிக்குக் காரே பொறுப்பல்ல.

மீதி 0.9 எங்கே போகிறது என்பதற்குக் கூப்பேயின் ஆர்பிஎம் மீற்றரை ஒரு சிறிய கமெராவால் பிடித்தோம். கொண்டையூசி வளைவின் நடுவில் வேகம் மணிக்கு 32 கிலோமீற்றர், இரண்டாம் கியரில் சுழற்சி 2200. அந்தச் சுழற்சியில் பூஸ்ட் கேஜின் ஊசி பூச்சியத்துக்குக் கீழேதான் கிடந்தது. 3000ஐத் தாண்டிய பிறகே அது மேலே எழுந்தது. அதுவரை அந்தக் கார் 1240 கிலோவைத் தள்ளும், அமுக்க விகிதம் 8.5 மட்டுமேயுள்ள, டர்போ இல்லாத ஒரு 2 லீற்றர் எஞ்சின்தான். முதலாம் கியருக்கு இறங்கலாமே என்றால், சுழற்சி 3600க்குப் போகும், பூஸ்டும் வரும். ஆனால் மணிக்கு 60 கிலோமீற்றருக்குள் அந்தக் கியர் தீர்ந்துவிடும், நேர்ப்பாதையின் நடுவில் மீண்டும் கியர் மாற்ற வேண்டும், ஓடும் காரில் முதலாம் கியரைத் திணிப்பது கியர்பொக்ஸுக்கும் நல்லதல்ல. அந்த வழியை நாங்கள் கைவிட்டோம்.

ரயரின் ஓரத்தில் இருந்த நான்கு இலக்கம்

இந்த வழக்கின் திருப்பம் அதே ஜூலை மாதம், பயிற்சி இல்லாத ஒரு மாலையில், கராஜில் நிகழ்ந்தது. அமுக்கம் பார்ப்பதற்காகக் கூப்பேயைக் கொண்டுபோயிருந்தோம். பாஸ் பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஈரத் துணியால் ரயரின் ஓரத்தைத் துடைத்தார். புழுதி போனதும் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் தெரிந்தது: 2318. அவர் உரிமையாளரைக் கூப்பிட்டு, "தம்பி, இது 2018இல இருபத்து மூன்றாம் கிழமை செய்த ரயர். ஏழு வருசம். நகத்தால அழுத்திப் பாருங்கோ" என்றார். உரிமையாளர் கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினார். தடமே பதியவில்லை. முன்சில்லின் ரயரில் அழுத்தியபோது நகத்தின் அரைவட்டம் பதிந்து, மெல்ல மறைந்தது. முன்பக்க ரயர்கள் இரண்டு ஆண்டுக்குட்பட்டவை. பின்பக்கத்தினவை, இறக்குமதி கட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததே போதுமென்று வாங்கிப் போட்ட பழைய இருப்பு.

அவற்றில் பூ (தரையில் படும் வெட்டுக்கோலம்) நிறைய இருந்ததால் எவரும் சந்தேகிக்கவில்லை. நானும் சந்தேகிக்கவில்லை. வெயிலிலும் காலத்திலும் ரப்பர் கல்லாகிவிட்டால், எவ்வளவு பூ இருந்தாலும் பிடி இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். 275 நியூற்றன் மீற்றரைத் தரைக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு சில்லிலும் அந்த ரப்பர்தான் இருந்தது. இந்தக் காரில் உள்ள ஹெலிக்கல் எல்எஸ்டி (இரு பின்சில்லுகளுக்கும் விசையைப் பங்கிடும் பாகம்), நழுவும் சில்லில் உள்ள பிடியின் ஒரு குறிப்பிட்ட மடங்கு விசையைத்தான் மற்றச் சில்லுக்குக் கொடுக்க வல்லது. அந்தப் பிடியே குறைவாக இருக்கும்போது அதனாலும் அதிகம் செய்ய முடியாது.

ஜூலை கடைசி ஞாயிறு, கிண்ணியா நண்பரே எல்லா அளவீட்டு ஓட்டங்களையும் ஓட, மாற்றங்களைப் படிப்படியாகச் செய்தோம். முதலில் அமுக்கம். ரயரின் ஓரத்தில் பாடசாலை வெண்கட்டியால் குறுக்குக் கோடுகள் கீறி ஓடவிட்டுப் பார்த்தோம். முன்சில்லில் கோடு தோளை (பூவும் பக்கமும் சேரும் விளிம்பை) தாண்டி அழிந்திருந்தது, அதாவது ரயர் மடங்கி ஓரத்தில் ஓடுகிறது. பின்சில்லில் தோள்வரைகூட அழியவில்லை, அதாவது காற்று அதிகம். முன்பக்கத்தை 32இலிருந்து 34 பிஎஸ்ஐக்கு உயர்த்தி, பின்பக்கத்தை 34இலிருந்து 29க்கு இறக்கினோம். நேரம் 39.4இலிருந்து 39.1க்கு வந்தது. அடுத்து, அதே 205/55ஆர்16 அளவில் புதிய பின்ரயர்கள் இரண்டைப் பூட்டினோம். நேரம் 38.6. வேறெந்த ஒரு மாற்றமும் இவ்வளவு நேரத்தைத் தரவில்லை.

மூன்றாவது மாற்றம் ஓடும் கோடு. வளைவில் எட்டக்கூடிய வேகம் ஆரத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். ஆகவே 9 மீற்றர் ஆரத்தில் திரும்பிய இடத்தில் 12 மீற்றர் ஆரத்தில் திரும்பினால் வேகம் ஏறத்தாழ 15 வீதம் உயரும். கொண்டையூசிக்குள் அகலமாக நுழைந்து, பிந்தித் திருப்பி வெளியேறியபோது நடுவேகம் 32இலிருந்து 37க்கும், சுழற்சி ஏறத்தாழ 2500க்கும் உயர்ந்தது. பூஸ்ட் ஊசி எழும் இடம் நேர்ப்பாதையின் நடுவிலிருந்து அதன் தொடக்கத்துக்கு வந்துவிட்டது. நெளியும் பகுதியில் அக்ஸிலரேற்றரை அழுத்தி விடுவதை நிறுத்தி, ஒரே அளவில் பிடித்துச் செலுத்தினார். நேரம் 38.3. சுவிஃப்டில் அதே அகலக் கோட்டை அவர் முயன்றபோது 0.2 செக்கன் நட்டமானது, ஏனெனில் அந்தக் காருக்குக் குறுகிய வழியே நல்லது. ஒரு காருக்குச் சரியான கோடு மற்றக் காருக்குப் பிழையாக இருக்கலாம் என்பதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை. அன்று சுவிஃப்டின் சிறந்த நேரம் 38.5.

வெப்பத்துக்கு ஒரு எளிய வழியையும் கைக்கொண்டோம். வயலுக்கு மருந்தடிக்கும் தோள்தாங்கியை நன்றாகக் கழுவித் தண்ணீர் நிரப்பி, ஓட்டங்களுக்கிடையில் பொனட்டைத் திறந்து வைத்து, முன்னாலிருக்கும் இன்டர்கூலரின் மேல் விசிறினோம். தண்ணீர் சொட்டி நிற்கும் வரை காத்திருந்து, புறப்படும் கோட்டைத் துடைத்த பிறகே காரை விட்டோம். இதன் பயனைத் தனியாக அளக்கவில்லை. அடுத்தடுத்த ஓட்டங்களில் நேரம் முன்போல ஏறிக்கொண்டு போகவில்லை என்பது மட்டும் குறிப்பில் இருக்கிறது.

போட்டி நாள்

ஆகஸ்ட் நடுவில் ஒன்பது பேரும் தமக்குள் நடத்திய போட்டிக்குத் தடம் புதிதாக அமைக்கப்பட்டது. எனவே அன்றைய நேரங்களை முந்தியவற்றோடு ஒப்பிட முடியாது. ஒவ்வொருவருக்கும் நான்கு ஓட்டம், சிறந்தது ஒன்று கணக்கில். கூப்பேயை அதன் உரிமையாளரே செலுத்தினார். முதலாவதில் 42.1, இரண்டாவதில் 41.4. மூன்றாவதில் 40.9 வந்தது, ஆனால் கடைசி வாசலின் வலப்பக்கக் கோன் பின்சில்லில் தட்டுப்பட்டு உருண்டதால் அது 42.9 ஆயிற்று. நான்காவதில் 41.6. முதலிடம் 40.7இல் ஒரு 1.5 லீற்றர் ஹொண்டா சிவிக்குக்கும், இரண்டாமிடம் 41.2இல் கிண்ணியா நண்பரின் சுவிஃப்டுக்கும் போக, கூப்பே மூன்றாவதாக வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒன்றரைச் செக்கன் பின்னால் நின்ற கார், அதே எஞ்சினோடும் அதே பூஸ்டோடும் 0.2 செக்கனுக்குள் வந்துவிட்டது. உரிமையாளர் அன்றே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, டர்போவும் இன்ஜெக்டர்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் கருத்திலும் அது சரியான முடிவு. பெரிய டர்போ இன்னும் உயர்ந்த சுழற்சியில்தான் எழும்பும். 32 முதல் 80 கிலோமீற்றர் வேகத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் ஒரு முற்றத்தில், ஏற்கெனவே பிந்தி வரும் உந்தலை அது மேலும் பிந்தச் செய்திருக்கும். நுவரெலியா மலையேற்றப் போட்டி போன்ற நீண்ட ஏற்றத்துக்கு அதே பாகம் பொருத்தமாக இருக்கக்கூடும்; அது வேறு மதிப்பீடு.

மீண்டும் செய்வதானால்

ரயர்களின் தயாரிப்புக் கிழமையை எல்லாக் கார்களிலும் முதல் நாளே எழுதியிருப்பேன். அது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாததால் ஆறு கிழமைகள் போயின, ஓர் எஞ்சினும் ஆபத்துக்கு உள்ளாகியது. பூஸ்டைக் கூட்டுவதற்கு முன் உள்ளெடுக்கும் காற்றின் வெப்பத்தை அளக்கும் உணரி ஒன்றையாவது பொருத்தச் சொல்லி வற்புறுத்தியிருப்பேன். நொக்கைக் காது கண்டுபிடிக்கும் வரை காத்திருந்தது சரியல்ல. அன்று பாஸ் புறப்படும் கோட்டில் நின்றது தற்செயல். தண்ணீர் விசிறுவதன் பயனை விசிறியும் விசிறாமலும் மாறிமாறி ஓடி அளக்கவில்லை என்பதும் இந்தப் பதிவின் குறை.

மாற்றங்களைச் செய்த நாளில் ஓட்டியவர் ஒருவரே என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நாளுக்குள் ஒருவர் அதே தடத்தில் பதினைந்து முறை ஓடினால், காரில் எதையும் தொடாமலே நேரம் கொஞ்சம் குறையும். அதைச் சரிபார்க்கப் பழைய ரயர்களைக் கடைசியில் ஒரு முறை திரும்பப் பூட்டி ஓடியிருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டதாலும் எல்லோரும் களைத்துவிட்டதாலும் செய்யவில்லை. ஆகவே ரயரால் கிடைத்ததாக நான் எழுதிய அரைச் செக்கனில் ஒரு சிறு பங்கு ஓட்டுபவரின் பழக்கத்துக்கு உரியதாக இருக்கலாம்.

வாடைக்காற்றும் மழையும் ஓய்ந்த பின், பெப்ரவரியில், வெளிக்காற்று குளிர்ந்திருக்கும் காலையில் அதே தடத்தை அதே அளவுகளில் அடுக்கி இரண்டு காரையும் மீண்டும் ஓடவிடத் தீர்மானித்திருக்கிறோம். கோன்களின் இடங்களைக் கொங்கிறீட்டில் வெள்ளைப் பூச்சால் குறித்து வைத்திருக்கிறேன். 2318 என்ற இலக்கமுள்ள இரண்டு ரயர்களும், முற்றத்தின் தொங்கலில் சுவருக்கு முன் அடுக்கிய தடுப்பில் மேல் வரிசையில் கிடக்கின்றன.